ஒரே சில்லு, இரண்டு எண்கள்

பழைய கணினியும் புதிய சித்திரக் கலையும் – 9

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய ஒரு லேப்டாப்பில், இன்றைக்குப் புதிதாக வெளிவந்திருக்கும் சித்திர மென்பொருள் ஒன்றின் புதிய அம்சங்கள் இயங்குமா, இயங்காதா என்ற கேள்வியை யாரிடம் கொண்டுபோனாலும் பெரும்பாலும் இரண்டே விதமான பதில்கள்தாம் கிடைக்கின்றன. "ரொம்பப் பழைய மாடல் சார், அதெல்லாம் இதில் ஓடாது, புதுசு வாங்கிக்கொள்ளுங்கள்" என்பது ஒன்று. "டிரைவரை அப்டேட் பண்ணிப் பாருங்கள், ஓடினாலும் ஓடும்" என்பது மற்றொன்று. இரண்டுமே யந்திரத்தைத் திறந்து பாராமல், அதன் வயதை மாத்திரம் விசாரித்துவிட்டுச் சொல்லப்படும் பதில்கள். நினைவகத்தைப் பற்றியும் வட்டைப் பற்றியும் முந்திய வாரங்களில் எழுதியபோது, அவற்றின் அளவைப் பார்த்த மாத்திரத்திலேயே ஒருவாறு தீர்ப்புச் சொல்லிவிட முடிந்தது. கிராபிக்ஸ் விஷயத்தில் அந்தச் சௌகரியம் இல்லை. சில்லின் திறமை, டிரைவரின் திறமை, மென்பொருளின் எதிர்பார்ப்பு ஆகிய மூன்றையும் தனித்தனியே விசாரித்து, பிறகு ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தால்தான் உண்மை வெளிப்படும். அப்படி விசாரிப்பதற்கு ஒரு மணி நேரம்கூட வேண்டியதில்லை. அதைச் செய்யாமல், நன்றாக உழைத்துக்கொண்டிருக்கும் யந்திரத்தைக் கழித்துவிடுவது பணத்துக்கும் செய்யும் அநியாயம், கற்றுக்கொள்ள விரும்பும் ஏழை மாணவனுக்கும் செய்யும் அநியாயம் என்பது என் அபிப்பிராயம். இதை ஓர் உண்மையான உதாரணத்தைக் கொண்டே விளக்குகிறேன்.

பிளெண்டர் என்ற முப்பரிமாணச் சித்திர மென்பொருளின் பெயரைக் கேள்விப்படாத அனிமேஷன் மாணவர் இன்று அநேகமாக இரார். ஹாலந்து தேசத்தவரான டோன் ரோசண்டால் உருவாக்கத் தொடங்கிய இந்த மென்பொருள், அதை வைத்திருந்த கம்பெனி மூடப்பட்ட பின்னர், 2002-ஆம் ஆண்டில் பொதுமக்களிடமிருந்து 1,00,000 யூரோ நன்கொடை திரட்டி மீட்கப்பட்டு, அன்றுமுதல் எவரும் இலவசமாக உபயோகிக்கவும் அதன் மூல நிரலைத் திருத்தவும் உரிமையுள்ள மென்பொருளாக இருந்து வருகிறது. விலை கொடுத்து மென்பொருள் வாங்க வசதியில்லாத மாணவர்கள் பழைய யந்திரங்களில் இதைத்தான் கற்றார்கள். 2017-இல் வெளிவந்த 2.79-ஆம் பதிப்பு வரையில் அவர்களுக்குப் பெரிய தடை எதுவும் ஏற்படவில்லை. ஏனெனில், அந்தப் பதிப்பு கிராபிக்ஸ் சில்லிடமிருந்து எதிர்பார்த்தது ஓப்பன்ஜிஎல் 2.1 என்ற பழைய தரம் மாத்திரமே. 2019-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் தேதி 2.80-ஆம் பதிப்பு வந்தபோது நிலைமை மாறிற்று. அந்தப் பதிப்பில், ஒளியும் நிழலும் பிரதிபலிப்பும் கணத்துக்குக் கணம் திரையிலேயே தோன்றும்படி செய்யும் ஈவீ என்ற புதிய சித்திர முறை சேர்க்கப்பட்டது. அதற்காகத் திரையில் வரையும் பகுதி முழுவதும் புதிதாக எழுதப்பட்டது. குறைந்தபட்சத் தேவை ஓப்பன்ஜிஎல் 3.3 ஆக உயர்ந்தது. அந்தத் தரத்தை எட்டாத யந்திரங்களில் மென்பொருள் திறக்கவே மறுத்து, ஓப்பன்ஜிஎல் 3.3 உள்ள கிராபிக்ஸ் கார்டும் டிரைவரும் தேவை என்று ஒரு சிறு பெட்டியில் அறிவித்துவிட்டு மூடிக்கொண்டது.

இந்த ஓப்பன்ஜிஎல் என்பது ஒரு மென்பொருள் அன்று. புள்ளியும் முக்கோணமும் நிறமும் நிழலும் வரையும்படி ஒரு மென்பொருள் கிராபிக்ஸ் சில்லுக்கு இடும் கட்டளைகள் எப்படி அமைய வேண்டும் என்பதை வரையறுக்கும் பொதுவான பிரமாணம் அது. 1992-இல் சிலிக்கான் கிராபிக்ஸ் என்ற அமெரிக்க ஸ்தாபனம் அதை முதலில் வெளியிட்டது. 2006 முதல் குரோனோஸ் என்ற கூட்டமைப்பு அதைப் பராமரித்து வருகிறது. 2010-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் 4.0, 3.3 என்ற இரண்டு பதிப்புகள் ஒரே சமயத்தில் வெளியாயின. 4.0-இன் அம்சங்களை நிறைவேற்றச் சக்தியில்லாத முந்திய தலைமுறைச் சில்லுகளுக்கும் இயன்ற அளவு புதிய வசதிகள் கிடைக்க வேண்டும் என்ற நல்ல நோக்கத்துடன்தான் 3.3 வகுக்கப்பட்டது. ஆகவே 2019-இல் பிளெண்டர் கேட்டது ஒன்பது ஆண்டுகளுக்கு முந்திய ஒரு தரத்தை. அதைப் பேராசை என்று சொல்ல நியாயமில்லை. அப்படியிருந்தும், அந்தப் பிரமாணம் வெளிவந்த மறு வருஷத்தில் விற்கப்பட்ட கோடிக்கணக்கான யந்திரங்கள் அந்த வாசலில் தடுத்து நிறுத்தப்பட்டன. இது எப்படி நேர்ந்தது என்பதுதான் இந்த வாரத்து விஷயம்.

2011-ஆம் ஆண்டு ஜனவரியில் இன்டெல் கம்பெனி சேண்டி பிரிட்ஜ் என்ற இரண்டாம் தலைமுறைக் கோர் செயலிகளை வெளியிட்டது. செயலியும் கிராபிக்ஸ் பகுதியும் ஒரே சில்லில் அமைந்திருந்தன. அந்தக் கிராபிக்ஸ் பகுதிக்கு எச்.டி. கிராபிக்ஸ் 2000 என்றும் 3000 என்றும் பெயர். திங்க்பேட் டி420, எக்ஸ்220, டெல் லாட்டிட்யூட் இ6420 முதலியவை இந்தத் தலைமுறையைச் சேர்ந்தவை. அலுவலகங்கள் கழித்த இந்த லேப்டாப்புகள் உறுதியான உடலும், மாற்றிக்கொள்ளத்தக்க நினைவகமும் வட்டும் உள்ளவையாதலால், சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்களுக்குப் பழக்கமானவை. இந்தச் சில்லுக்கு இன்டெல் கம்பெனி விண்டோஸில் கொடுத்த டிரைவர் ஓப்பன்ஜிஎல் 3.1 வரையில்தான் ஆதரிக்கிறது. பிளெண்டருக்கு வேண்டியது 3.3. கடைசி டிரைவரை எத்தனை முறை நிறுவினாலும் அந்த எண் உயராது. "அப்டேட் பண்ணிப் பாருங்கள்" என்ற யோசனை இங்கே வீண் என்பதை முதலிலேயே தெரிந்துகொண்டால் ஒரு மாலைப் பொழுது மிச்சமாகும்.

ஆனால், அதே சில்லை வைத்துக்கொண்டு ஆப்பிள் கம்பெனி தன் மாக் கணினிகளில் 2013-இல் வெளியிட்ட மாவெரிக்ஸ் முதல் ஓப்பன்ஜிஎல் 3.3-ஐக் கொடுத்தது. லினக்ஸில், மேசா என்ற திறந்த மூல கிராபிக்ஸ் தொகுப்பும் அதே சில்லுக்கு 3.3-ஐக் கொடுக்கிறது. சில்லில் ஒரு டிரான்சிஸ்டர்கூட மாறவில்லை. பின் எண் ஏன் மாறுகிறது? காரணத்தைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். ஓப்பன்ஜிஎல் 3.2-ஐ எட்டுவதற்கு ஜியோமெட்ரி ஷேடர் என்ற ஓர் அம்சம் அவசியம். ஒரு முக்கோணத்தைச் சில்லுக்கு அனுப்பினால், சில்லே அதிலிருந்து புதிய முக்கோணங்களைப் பிறப்பித்துக்கொள்ளும் வசதி அது. சேண்டி பிரிட்ஜ் சில்லுக்கு அது இல்லாத வசதியன்று. மைக்ரோசாஃப்டின் டைரக்ட்எக்ஸ் 10-க்கும் அதே அம்சம் அவசியமானது. இந்தச் சில்லோ விண்டோஸில் டைரக்ட்எக்ஸ் 10.1 வரை ஆதரிப்பது. எனவே வன்பொருளில் சக்தி இருந்தது. அதை ஓப்பன்ஜிஎல் வழியாக வெளிக்கொணரும் வேலையை விண்டோஸ் டிரைவர் செய்யவில்லை. டிரைவர் என்பது மென்பொருளுக்கும் சில்லுக்கும் நடுவில் நிற்கும் துபாஷி. துபாஷி எடுத்துச் சொல்லாத திறமை எஜமானனுக்கு இருந்தும் இல்லாததற்குச் சமானம்.

மேசாவின் கதை வேறு. 1993-இல் பிரையன் பால் என்ற அமெரிக்கர் தம் ஓய்வு நேரத்து வேலையாகத் தொடங்கிய அந்தத் தொகுப்பில் இன்றைக்குப் பல கம்பெனிகளின் பொறியாளர்களும் தனி மனிதர்களும் சேர்ந்து உழைக்கிறார்கள். 2014-ஆம் ஆண்டில், ஸ்பெயின் தேசத்திலுள்ள இகாலியா என்ற ஸ்தாபனத்தின் பொறியாளர்கள் சேண்டி பிரிட்ஜ் சில்லுக்கு ஜியோமெட்ரி ஷேடர் வசதியை மேசாவில் எழுதிச் சேர்த்தார்கள். சில்லு சந்தைக்கு வந்து மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்ட பிறகு, புதிய தலைமுறைகள் அதைத் தாண்டிச் சென்றுவிட்ட சமயத்தில் நடந்த வேலை அது. 2022-இல் மேசா தன் பழைய இன்டெல் டிரைவர்களைப் பிரதான தொகுப்பிலிருந்து விலக்கியபோதுகூட, குரோகஸ் என்ற புதிய டிரைவர் அந்தப் பழைய சில்லுகளுக்காகத் தயாராக இருந்தது. விற்பனை முடிந்த பொருளிடம் இவ்வளவு விசுவாசம் காட்டும் தொழிலாளர்களை நாம் நன்றியோடு நினைக்க வேண்டும்.

இனிப் பரீட்சை செய்யும் முறைக்கு வருகிறேன். விண்டோஸ் உள்ள கணினியில் விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தி, வருகிற பெட்டியில் டி-எக்ஸ்-டி-ஐ-ஏ-ஜி என்ற ஆறு எழுத்துகளை அடித்தால் ஒரு ஜன்னல் திறக்கும். அதன் முதல் பக்கத்தின் அடியில் டைரக்ட்எக்ஸ் 12 என்று எழுதியிருப்பதைக் கண்டு பலர் மகிழ்ந்துபோகிறார்கள். அது அந்த விண்டோஸில் அமைந்துள்ள டைரக்ட்எக்ஸ் தொகுப்பின் பதிப்பு. கிராபிக்ஸ் சில்லுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. விண்டோஸ் 10 ஏற்றிய எந்தக் கணினியிலும் அப்படித்தான் இருக்கும். டிஸ்ப்ளே என்ற அடுத்த பக்கத்துக்குப் போய், வலது புறத்தில் ஃபீச்சர் லெவல்ஸ் என்ற வரியைப் பார்க்க வேண்டும். எச்.டி. கிராபிக்ஸ் 3000 உள்ள யந்திரத்தில் அந்த வரி 10_1 என்று தொடங்கும். முதல் பக்கத்தில் 12, இரண்டாம் பக்கத்தில் 10. நம்ப வேண்டியது இரண்டாவதையே. அந்தப் பக்கத்திலேயே சில்லின் பெயரும் டிரைவரின் பதிப்பும் தேதியும் இருக்கின்றன. அவற்றை ஒரு காகிதத்தில் குறித்துக்கொள்வது நல்லது.

ஓப்பன்ஜிஎல் எண்ணை அந்த ஜன்னல் காட்டாது. அதற்கு ஓப்பன்ஜிஎல் எக்ஸ்டென்ஷன்ஸ் வியூவர், ஜிபியு-இசட் போன்ற இலவசக் கருவிகள் உண்டு. அவற்றில் எண்ணைப் பார்ப்பதற்கு முன் ரெண்டரர் என்ற வரியைப் பார்க்க வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்கிறேன். அங்கே சில்லின் பெயருக்குப் பதிலாக ஜிடிஐ ஜெனரிக் என்றும், பதிப்பு 1.1 என்றும் இருக்குமானால், உங்கள் சில்லு பேசவேயில்லை என்று அர்த்தம். சரியான டிரைவர் இல்லாதபோது விண்டோஸ் தானே மென்பொருள் வழியாக வரைந்து காட்டும் தற்காலிக ஏற்பாடு அது. 1.1 என்பது 1997-ஆம் வருஷத்துத் தரம். டிவைஸ் மானேஜரில் மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர் என்று தெரிந்தாலும் இதே நிலைதான். விண்டோஸைப் புதிதாக ஏற்றிய பழைய கணினிகளில் இது சாதாரணமாக நேரும் விஷயம். இந்த ஓர் இடத்தில் "டிரைவர் போடுங்கள்" என்ற யோசனை முற்றிலும் சரியானது. ரிமோட் டெஸ்க்டாப் வழியாகத் தூரத்திலிருந்து பரீட்சித்தாலும் இப்படிப் பொய்யான எண் வரக்கூடும். ஆதலால் யந்திரத்தின் முன்னாலேயே உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

லினக்ஸை நிறுவாமலே, பென் டிரைவிலிருந்து அதைத் துவக்கிப் பார்க்க வழியுண்டு. அப்படித் துவக்கி, மேசா-யூடில்ஸ் என்ற தொகுப்பைச் சேர்த்துக்கொண்டு, டெர்மினலில் ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ என்ற கட்டளையைக் கொடுத்தால் நீண்ட பட்டியல் ஒன்று வரும். இங்கே இரண்டு இடங்களில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். பட்டியலில் ஓப்பன்ஜிஎல் பதிப்பைக் குறிக்கும் வரிகள் ஒன்றுக்கு மேற்பட்டவை. மேசாவின் பல பதிப்புகளில், பழைய மென்பொருள்களுக்காக வைத்திருக்கும் பொது வரியில் 3.0 என்றும், கோர் புரொஃபைல் என்று தொடங்கும் வரியில் 3.3 என்றும் இருக்கும். பிளெண்டர் கேட்பது கோர் புரொஃபைலை. பொது வரியை மாத்திரம் படித்துவிட்டு மனம் சோர்ந்து திரும்பினால் நஷ்டம் நமக்கே. இரண்டாவது, இதற்கு நேர் எதிரான ஆபத்து. ரெண்டரர் வரியில் எல்எல்விஎம்பைப் என்ற சொல் இருக்குமானால், அருகில் 4.5 என்ற உயர்ந்த எண் இருந்தாலும் அதில் மகிழ இடமில்லை. சித்திரம் முழுவதையும் கிராபிக்ஸ் சில்லின் உதவியின்றிச் செயலியே வரைகிறது என்பதற்கு அது அடையாளம். அந்த நிலையில் பிளெண்டர் திறக்கும், ஒரு சிறு உருவத்தைத் திருப்புவதற்கே திணறும். மேசாவில் ஓப்பன்ஜிஎல் எண்ணை நாமாகவே உயர்த்திச் சொல்லிவிடும் ஒரு மாற்றமைப்பும் உண்டு. சோதனை செய்யும் நிபுணர்களுக்காக ஏற்பட்டது அது. சில்லிலும் டிரைவரிலும் இல்லாத அம்சத்தை அது உண்டாக்கிவிடாது. மென்பொருளை நம்பவைத்து, பின்னால் பாதி வேலையில் வீழ்த்திவிடும்.

எல்லா மென்பொருளும் பிளெண்டரைப் போல வாசலிலேயே நிறுத்துவதில்லை. 2008-இல் வெளிவந்த ஃபோட்டோஷாப் சிஎஸ்4 முதன்முதலாகக் கிராபிக்ஸ் சில்லின் உதவியை விரிவாக நாடியபோது, ஓப்பன்ஜிஎல் இல்லாத கணினியிலும் அது திறந்தது, படத்தைத் திருத்தியது. சித்திரப் பரப்பைச் சுழற்றும் கருவி போன்ற சில புதிய அம்சங்கள் மாத்திரம் இயங்க மறுத்தன. கிரிட்டா என்ற இலவச ஓவிய மென்பொருள் வேறொரு உபாயத்தைக் கையாண்டது. விண்டோஸில் ஓப்பன்ஜிஎல் டிரைவர்கள் பழுதாக உள்ள யந்திரங்களுக்காக, 2017-இல் வந்த 3.3-ஆம் பதிப்பில், ஆங்கிள் என்ற ஏற்பாட்டின் மூலம் கட்டளைகளை டைரக்ட்3டி வழியாகத் திருப்பி அனுப்பிற்று. ஆகவே ஒரு மென்பொருளின் தேவைப் பட்டியலைப் படிக்கும்போது, இந்தத் தரம் இல்லாவிட்டால் திறக்கவே திறக்காதா, அல்லது எந்த அம்சம் மாத்திரம் போகும் என்பதையும் விசாரிக்க வேண்டும். நமக்கு வேண்டாத அம்சம் ஒன்று போவதற்காக யந்திரத்தை மாற்ற வேண்டிய அவசியம் என்ன?

வயது சாட்சியாகாது என்று தொடக்கத்தில் சொன்னதற்கு இன்னொரு ஆதாரமும் உண்டு. சேண்டி பிரிட்ஜுக்கு முந்திய வருஷமான 2010-இல் என்விடியா கம்பெனி ஜிஃபோர்ஸ் 400 வரிசைக் கார்டுகளை வெளியிட்டது. டிரைவர்கள் தொடர்ந்து புதுப்பிக்கப்பட்டதன் பயனாக, 2017-இல் வகுக்கப்பட்ட ஓப்பன்ஜிஎல் 4.6 வரையில் அவை ஏற்கின்றன. ஒரு வயது மூத்த கார்டு 4.6, இளைய சில்லு விண்டோஸில் 3.1. இன்டெல் குடும்பத்துக்குள்ளேயே 2012-இன் எச்.டி. கிராபிக்ஸ் 4000 விண்டோஸில் 4.0-ஐயும், 2013-இன் ஹாஸ்வெல் தலைமுறை 4.3-ஐயும் எட்டின. இரண்டே ஆண்டு வித்தியாசத்தில் இவ்வளவு தூரம். செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்குகிறவர்கள், செயலியின் பெயரில் ஐ5, ஐ7 என்பதைக் கேட்டு மாத்திரம் திருப்தியடையாமல், அதை அடுத்து வரும் நான்கு இலக்க எண்ணின் முதல் இலக்கத்தைக் கவனிக்க வேண்டும். 2520 என்றால் இரண்டாம் தலைமுறை, 4300 என்றால் நான்காம் தலைமுறை. சித்திர வேலைக்காக வாங்குகிறவருக்கு, இரண்டாம் தலைமுறை ஐ7-ஐவிட நான்காம் தலைமுறை ஐ5 மேலானது என்பதே என் தீர்ப்பு.

ஆதரவு வேறு, சௌகரியம் வேறு என்பதையும் மறைக்கக்கூடாது. லினக்ஸில் 3.3 கிடைத்துவிட்ட எச்.டி. 3000-இல் பிளெண்டர் 2.80 திறக்கும் என்றாலும், பிளெண்டர் ஸ்தாபனம் இன்டெல் சில்லுகளில் ஹாஸ்வெல் முதல்தான் அதிகாரபூர்வமான ஆதரவு அளித்தது. தனியான வீடியோ நினைவகம் இல்லாத அந்தச் சில்லு, கணினியின் பொது நினைவகத்திலேயே பங்கு கேட்கும். ஒரு பக்கத்தில் 8192 புள்ளிகளுக்கு மேற்பட்ட மேற்பரப்புப் படத்தை அதனால் கையாள முடியாது. எளிய உருவங்களை அமைக்கவும், எலும்புக்கூடு பொருத்தி அசைக்கவும், அடிப்படைப் பாடங்களைக் கற்கவும் அது போதும். நிறைய ஒளிகளும் கண்ணாடியும் நீரும் கலந்த காட்சியை ஈவீ முறையில் ஓடவிட்டுப் பார்க்க அது போதாது.

2023-ஆம் ஆண்டு நவம்பரில் வந்த பிளெண்டர் 4.0, விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓப்பன்ஜிஎல் 4.3-ஐக் கேட்கிறது. அத்துடன் சேண்டி பிரிட்ஜின் வழி, எந்த டிரைவரை வைத்துக்கொண்டாலும், முடிந்துவிட்டது. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் வெளியான 3.6-ஆம் பதிப்பே அதற்குக் கடைசி எல்லை. இதற்காக நான் பிளெண்டர் ஸ்தாபனத்தைக் குறை கூறமாட்டேன். ஒவ்வொரு பழைய டிரைவரின் பழுதுக்கும் தனித்தனியே மாற்று வழி எழுதிக்கொண்டிருந்தால், சிறிய குழு ஒன்றினால் புதிய காரியம் எதையும் செய்ய இயலாது. மேலும், தன் பழைய பதிப்புகளையெல்லாம் எவரும் எடுத்துக்கொள்ளும்படி தன் தளத்தில் திறந்துவைத்திருக்கிறது அந்த ஸ்தாபனம். விண்டோஸிலேயே இருக்க விரும்பும் சேண்டி பிரிட்ஜ் சொந்தக்காரர் 2.79-ஐயும், லினக்ஸுக்கு மாறத் துணிந்தவர் 3.6 வரையிலான பதிப்புகளையும் இன்றும் இறக்கிக்கொள்ளலாம். சந்தா முறையில் விற்கப்படும் மென்பொருள்கள் பலவற்றில் இந்த உரிமை நமக்கு இல்லை. குறைந்தபட்சத் தேவையை உயர்த்தும் ஒவ்வொரு ஸ்தாபனமும், உயர்த்துவதற்கு முந்திய கடைசிப் பதிப்பை வாடிக்கையாளர்களுக்கு நிரந்தரமாக விட்டுவைப்பதைத் தன் கடமையாகக் கொள்ள வேண்டும். பழைய பதிப்பில் வேலை செய்கிறவர் ஒன்றை மாத்திரம் ஞாபகத்தில் வைக்க வேண்டும். புதிய பதிப்பில் சேமித்த கோப்பைப் பழைய பதிப்பில் திறந்தால் சில பகுதிகள் இழக்கப்படலாம். கூட்டாக வேலை செய்யும் நண்பர்கள் எந்தப் பதிப்பு என்பதை முதலிலேயே பேசி நிர்ணயித்துக்கொள்வது நலம்.

வாசகர்கள் தங்கள் வீட்டிலுள்ள பழைய கணினியைக் கழிப்பதற்கு முன், சில்லின் பெயர், ரெண்டரர் வரி, ஓப்பன்ஜிஎல் எண், ஃபீச்சர் லெவல் ஆகிய நான்கையும் குறித்துக்கொண்டு, தாம் விரும்பும் மென்பொருளின் தேவைப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கும்படி வேண்டிக்கொள்கிறேன். விண்டோஸில் எண் குறைவாக இருந்தால், லினக்ஸ் பென் டிரைவிலிருந்து துவக்கி ஒருமுறை மீண்டும் பார்த்துவிடுங்கள். இன்டெல் சில்லும் என்விடியா சில்லும் சேர்ந்தே உள்ள லேப்டாப்புகளில், மென்பொருள் எந்தச் சில்லை எடுத்துக்கொள்கிறது என்பதை அறிந்து மாற்றும் முறையை அடுத்த இதழில் எழுதுகிறேன்.